இரண்டு கொடி, இரண்டு ஹாரன்

ரேலீனுக்கு வாய் ஓயாது. அவள் கணவர் மெர்வுக்கு வாய் திறக்காது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் வந்ததில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் என்பதால் குரலும் அதற்கேற்றபடி இருக்கும். பின் சீட்டில் சண்டை போடும் பையன்களை அடக்கிப் பழகிய குரலை, வீட்டுக்கு வந்ததும் சின்னதாக்கிக்கொள்ள முடியுமா என்ன?

வீட்டில் இன்னும் இரண்டு ஜீவன்கள் உண்டு. ஒன்று பிக்கிள், ஆடு மேய்த்து ஓய்வு பெற்ற நாய். ஒரு காது கேட்காது. இன்னொரு காது பிஸ்கட் டப்பா திறந்தால் மட்டும் கேட்கும். மற்றொன்று டச்சஸ், ரோஸ் நிற நெஞ்சும் சாம்பல் முதுகும் கொண்ட கொண்டைக்கிளி. அந்த வீட்டின் உண்மையான முதலாளி அதுதான். காலையில் மெர்வ் டீ போட்டு, முதல் கோப்பையை ரேலீனின் கட்டிலுக்குக் கொண்டுபோவார். ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி டச்சஸின் முன் நீட்டி, தலையைக் கொஞ்சம் குனிவார். குனியாவிட்டால் அது வாங்காது. ஒருநாளும் அதை அதிர்ந்து பேசாத மனிதர், பெண்டாட்டி சொல்வதைப் பாதி காதில் வாங்கினாலும் கிளி சொல்வதை முழுதும் வாங்கிக்கொள்வார் என்று ரேலீன் ஊரெல்லாம் புகார் சொல்லுவாள். புகார் சொல்லும்போது முகம் மலர்ந்துதான் இருக்கும்.

சனிக்கிழமை என்றால் ஃபுட்டி. முட்டைப் பந்தைக் கையால் பிடித்துக் காலால் உதைத்து, ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி ஆடுகிற ஆட்டத்தை விட்டால், மெல்போர்னிலிருந்து வெகு தூரம் தள்ளியிருக்கும் மாலி கோதுமைக் காட்டில் குளிர்காலத்துக்கு வேறு பிழைப்பில்லை. அவர்கள் ஊர் கராவூங்காவின் அணி எந்த ஊருக்குப் போனாலும் இந்த நால்வரும் பின்னாலேயே போவார்கள். ஃபிளாஸ்கில் டீ, டப்பாவில் வெனிலா ஸ்லைஸ் என்கிற கிரீம் பலகாரம், நடுவில் பிக்கிள், ரேலீனின் சீட்டு முதுகில் டச்சஸ். மெர்வ் ஓட்டுவார், ரேலீன் பேசுவாள். எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கை விடாமல் ஒரு விரலை மட்டும் தூக்குவார். எதிரில் வருபவரும் தூக்குவார். தெரிந்தவரா தெரியாதவரா என்றெல்லாம் அந்தச் சாலையில் யாரும் பார்ப்பதில்லை. ஹலோ சொல்கிற வேலையை விரல் தானாகவே பார்த்துக்கொள்ளும்.

மெர்வ் ஆடுகிறவர் அல்ல, கோல் அம்பயர். வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக் கம்பங்களுக்கு இடையில் நின்று, பந்து நடுவில் புகுந்தால் இரண்டு கொடி ஆட்டி ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒரு கொடி ஆட்டி ஒரு புள்ளி கொடுக்கிற வேலை. வாய் திறக்க வேண்டியதே இல்லாத உத்தியோகம். கடவுள் பார்த்து அவருக்கென்றே செய்து வைத்தது போலிருக்கும்.

மைதானத்தைச் சுற்றி வேலியோரமாகக் கார்கள் மூக்கை உள்ளே நீட்டி நிற்கும். மெர்வ் நிற்கிற கம்பத்துக்கு நேர் பின்னால் ரேலீனின் பச்சைக் கார். கோல் விழுந்தால் சுற்றிலும் ஹாரன் அலறும். எல்லோரும் அடித்து ஓய்ந்த பிறகு மெர்வ் கொடிகளை இறக்கி, கார்ப் பக்கம் திரும்பாமலே தொப்பி விளிம்பை ஒரு விரலால் தொடுவார். ரேலீன் இரண்டு முறை ஹாரன் அடிப்பாள். எதிரணியின் கோலாக இருந்தாலும் அடிப்பாள், கொஞ்சம் கஞ்சத்தனமாக. கல்யாணமான புதிதில் ஒருநாள் விளையாட்டாக ஆரம்பித்த பழக்கம். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மெர்வ் அவளிடம் காதலைச் சொல்வதற்கு வைத்திருந்த வழி அது ஒன்றுதான் என்பது ரேலீனுக்குத் தெரியும். அதனால் ஒரு ஆட்டத்தையும் அவள் விட்டதில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறாள்.

வினை அரையிறுதியில் வந்தது.

பின்யாலூவோடு ஆட்டம். கடைசிக் கால் மணி நேரம். பந்து கம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி தரையில் உருண்டது. பின்யாலூவின் தடுப்பாட்டக்காரன் ஒரு மலை போன்ற ஆள். குனிந்து எடுக்கப் போனான். அப்போது "ப்ர்ர்ர்ரீ" என்று விசில் கேட்டது. நடு அம்பயர் ஊதிவிட்டார் என்று நினைத்து அவன் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். கராவூங்காவின் கூப்பர் நிற்கவில்லை. கசாப்புக்கடைக்காரர் மகன் கூப்பருக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த விசிலைத் தெரியும். அவன் ரேலீனின் பேருந்தில் பள்ளிக்குப் போன காலத்தில் டச்சஸ் முன் சீட்டில்தானே பயணம் செய்தது! அவன் சாவகாசமாகப் பந்தை எடுத்து, கம்பங்களுக்கு நடுவே உதைத்தான்.

நடு அம்பயர் தான் ஊதவே இல்லை என்றார். மலை போன்றவன் ஊதினீர்கள் என்றான். கூட்டம் கத்தியது. இந்த இடத்தில் வாய் திறக்காத மெர்வ் வாயைத் திறந்தார்.

"அது எங்க கிளிங்க" என்றார். "பச்சைக் கார்ல இருக்கு."

மைதானமே பச்சைக் காரைப் பார்த்தது. டச்சஸ் கொண்டையை விரித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இன்னொரு முறை ஊதிக் காட்டியது.

அம்பயர் ஊதாத விசிலுக்கு ஆட்டம் நிற்காது என்பது சட்டம். கோல் செல்லும். கராவூங்கா நான்கு புள்ளியில் ஜெயித்து இறுதிப் போட்டிக்குப் போனது, இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக. ஊர் ஆடித் தீர்த்தது. ஆனால் பின்யாலூக்காரர்கள் சும்மா விடுவார்களா? திங்கட்கிழமை சாயங்காலம் லீக் செயலாளர் பெவன் போன் செய்தார். நல்ல மனிதர். சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ரேலீன், தப்பா எடுத்துக்காத. நீ தாராளமா வரலாம். நாயும் வரலாம். கிளி மட்டும் மைதானத்துக்குள்ள வரக்கூடாதுன்னு கமிட்டில முடிவு பண்ணிட்டாங்க."

"அது என்ன ரவுடியா பெவன்? குடிச்சிட்டு கலாட்டா பண்ணுச்சா?"

"அது ஆட்டத்த நிறுத்துதும்மா."

"உங்க அம்பயரவிட அது ஒழுங்கா ஊதுது. அதான் உங்களுக்கு வயித்தெரிச்சல்" என்று சொல்லி போனை வைத்தாள். வைத்த பிறகு சமையலறைக்கு வந்து, காலுறை மாட்டிக்கொண்டிருந்த மெர்வைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், வருஷம் பூரா வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி இருக்கே. அன்னைக்கு மட்டும் எங்கேர்ந்துய்யா பேச்சு வந்துச்சு? யாரோ ஊதினாங்கன்னு விட்டிருக்கலாம்ல?"

மெர்வ் இன்னொரு காலுறையைத் தேடினார். "அந்தப் பையன் பாவம், ரேலீன். ஏமாந்துட்டோம்னு அழற மாதிரி நின்னான். எதனாலன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?"

ரேலீன் இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதே இதற்காகத்தான். அது அந்த நேரத்தில் எரிச்சலாக இருந்தது.

சிக்கல் இதுதான். டச்சஸைத் தனியே விட முடியாது. ஒரு தடவை மெர்வின் தங்கை மகள் கல்யாணத்துக்கு மெல்போர்ன் போய்விட்டு வந்தபோது, தனிமையில் அது தன் நெஞ்சு இறகையெல்லாம் பிடுங்கிப் போட்டு, உரித்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தது. மறுபடி ரோஸ் நிறம் வர வருஷமாயிற்று. யாரிடமாவது விடலாம் என்றால் அது மற்றவர் விரலைக் கடிக்கும். கடிபடத் துணிந்தவர்களும் இல்லை. இறுதிப் போட்டி நாளில் கராவூங்காவில் ஈ காக்காய் இருக்காது. மதுக்கடையையே பூட்டிவிடுவார்கள். போர்வை போட்டு மூடிப் பார்த்தார்கள். போர்வைக்குள்ளிருந்து விசில் வந்தது. விசிலை மறக்கடிக்க வேறு சத்தம் பழக்கிப் பார்த்தார்கள். அது மைக்ரோவேவ் மணியையும் கற்றுக்கொண்டது, விசிலையும் விடவில்லை.

ஆக, இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

"நார்ம் கொடி ஆட்டட்டும்" என்றார் மெர்வ். "நான் இருக்கேன். நீ போ."

நார்ம் மாற்றுக் கோல் அம்பயர். கேன்டீனில் இறைச்சி அடைத்த ரொட்டிப் பலகாரம் சூடு பண்ணுகிறவர். பன்னிரண்டு வருடமாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார், யாரும் கூப்பிடவில்லை.

"உனக்குக் கடைசி ஆட்டம்யா அது. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. சீசன் முடிந்ததும் மெர்வுக்கு இடுப்பு மூட்டு மாற்றப் போகிறார்கள். அதற்கப்புறம் வெள்ளைக் கோட்டு கிடையாது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவ்வளவு காலம் கம்பத்தடியில் நின்ற மனிதருக்குக் கடைசி நாளில் ஒரு இறுதிப் போட்டி வாய்த்திருக்கிறது. அந்தக் கொடியைப் பார்க்க அவள் அங்கே இருக்க வேண்டும் என்று ரேலீனின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் போகாமல் இருப்பதை நினைக்கவே முடியவில்லை.

"நீ போற. நான் ரேடியோல கேக்குறேன். பேச்சு முடிஞ்சுது" என்றாள். சத்தம் யாருடையது பெரிதோ அவர்கள் ஜெயிப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். மெர்வ் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்.

சனிக்கிழமை வந்தது. போட்டி நடப்பது பொதுவான ஓர் ஊரில், இரண்டு மணி நேர ஓட்டம். மெர்வ் பழைய பிக்கப் வண்டியை எடுத்தார். அதில் ரேடியோ செத்துப் பல வருஷமாகிறது. பிக்கிளைப் பின்னால் ஏற்றினார். ரேலீன் அவர் கோட்டுக் காலரைச் சரிசெய்து, ஃபிளாஸ்கைக் கையில் திணித்தாள்.

"வெனிலா ஸ்லைஸ் ரெண்டு வச்சிருக்கேன். ஒண்ண நாய்க்குக் குடுக்காத, வயித்தால போகும்."

"ம்."

"இடுப்பு வலிச்சா நார்மைக் கூப்புடு."

"ம்."

"போய்ட்டு வாய்யா. ஜோரா ஆட்டு."

மெர்வ் டச்சஸைப் பார்த்துத் தலையைக் குனிந்துவிட்டு வண்டியில் ஏறினார். வண்டி கேட்டைத் தாண்டும் வரை பிக்கிள் வீட்டைப் பார்த்தே குரைத்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு தெருவில் அமைதி. அடுத்தடுத்து எல்லா வீட்டு வண்டிகளும் கொடி கட்டிக்கொண்டு போய் முடிந்திருந்தன. ரேலீன் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். ரேடியோவைச் சமையலறை மேஜையில் வைத்து, எதிரே நாற்காலியில் டச்சஸை உட்கார வைத்தாள்.

"எல்லாம் உன்னாலதான்டி" என்றாள்.

டச்சஸ் மைக்ரோவேவ் மாதிரி ஒரு மணி அடித்தது.

ஆட்டம் தொடங்கியது. முதல் கோல் கராவூங்காவுக்கு. ரேடியோவில் ஹாரன்கள் அலறி ஓய்ந்தன. இப்போது மெர்வ் தொப்பியைத் தொடுவார். ரேலீன் கரண்டியை எடுத்துச் சட்டியில் இரண்டு தட்டுத் தட்டினாள். சட்டிச் சத்தம் சமையலறையைத் தாண்டியிருக்காது. அடுத்த கோல் விழுந்தது. மறுபடி இரண்டு தட்டு. டச்சஸ் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி கிளம்புகிற சனிக்கிழமையில் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று அதற்குப் புரியவில்லை. நெஞ்சில் ஒரு இறகைக் கவ்வி இழுத்துப் பார்த்தது.

"ஏய், ஏய். நான் இங்கதானே இருக்கேன், ஏன் பிடுங்குற?" என்று ரேலீன் அதன் அலகைத் தட்டிவிட்டாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுமூஞ்சி அல்ல. பேருந்தில் டயர் வெடித்தபோதுகூடப் பாட்டுப் பாடிக்கொண்டு மாற்றியவள். இப்போது ஒரு ரேடியோவின் முன்னால், கையில் கரண்டியோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்கு பகுதி ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில் வர்ணனையாளர் சொன்னார்: "கோல் அம்பயர் மெர்வ் ஹாக்கிங் இன்று எதையோ தேடுவதுபோல் இருக்கிறார். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு கார்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்."

ரேலீன் எழுந்தாள்.

மெர்வ் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. அவர் திரும்பிப் பார்க்கிறார் என்றால் அவ்வளவுதான், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. மைதானத்துக்குள் கிளி வரக்கூடாது என்றுதானே பெவன் சொன்னார்? வேலிக்கு வெளியே, ரோட்டோரமாக நின்றால் எந்தக் கமிட்டி வந்து கேட்கும்? ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் போகிறது, ஹாரன் கேட்குமே! ஆட்டம் முடிவதற்குள் போய்ச் சேருவாளா என்று அவள் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் கிளம்பியிருக்க மாட்டாள்.

"வாடி மகாராணி" என்று டச்சஸைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்காமல் காரைக் கிளப்பினாள்.

இரண்டு பக்கமும் கனோலா எண்ணெய்ப் பயிர் மஞ்சளாகப் பூத்திருந்தது. ரேடியோவில் இடைவேளை வந்து போனது. மூன்றாவது பகுதி தொடங்கியதும் வர்ணனையாளர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

"நேயர்களே, ஒரு விசித்திரம். இடைவேளைக்குப் பிறகு நமக்குப் புதிய கோல் அம்பயர், கேன்டீன் நார்ம். கொடிகளைக் காணவில்லை போலிருக்கிறது. கேன்டீனில் பாத்திரம் துடைக்கிற துண்டுகள் இரண்டை எடுத்து வந்து ஆட்டிக்கொண்டிருக்கிறார்."

மெர்வுக்கு என்ன ஆயிற்று? இடுப்பா? விழுந்துவிட்டாரா? போனைப் பார்த்தாள்; அந்தக் காட்டில் சிக்னல் எப்போது இருந்தது, இப்போது இருப்பதற்கு! காலை அழுத்தினாள். மனசில் ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும் வெள்ளைக் கோட்டில் மண்ணும் மாறி மாறி வந்தன. "ஒண்ணும் ஆயிருக்காது, ஒண்ணும் ஆயிருக்காது" என்று டச்சஸுக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

எதிரே தூரத்தில் ஒரு வண்டி புள்ளியாகத் தெரிந்து வளர்ந்தது. நல்ல வேகம். இறுதிப் போட்டி அன்று மைதானத்திலிருந்து திரும்பி வருகிற பைத்தியக்காரன் யாரோ! பக்கத்தில் வந்ததும் ரேலீனின் விரல் தானாக எழுந்தது. எதிர் வண்டிக்காரரின் விரலும் எழுந்தது. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று கடந்தன.

கடந்த பிறகுதான் அந்த விரலின் பின்னால் ஒரு வெள்ளைத் தொப்பி இருந்தது அவள் புத்திக்கு எட்டியது. பிக்கப்பின் பின்னால் ஒரு நாய் ஊரைக் கூட்டிக் குரைத்துக்கொண்டிருந்தது.

ரேலீன் பிரேக்கை மிதித்தாள். கண்ணாடியில் பார்த்தாள். பிக்கப்பும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பின்னோக்கி வரத் தொடங்கினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பின்னாலேயே மோதிக்கொண்டிருப்பார்கள். ஒரு தானியக் கிடங்கின் பக்கம் ஒதுங்கி நிறுத்தினார்கள்.

மெர்வ் இறங்கினார். வெள்ளைக் கோட்டில் ஒரு பொட்டு மண் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தார், தினமும் நொண்டுகிற அதே அளவுதான்.

"உனக்கு என்னய்யா ஆச்சு?" ரேலீன் கத்தினாள். "எங்க அடிபட்டுச்சு? ஏன் வந்துட்ட?"

"அடியா? ஒண்ணும் இல்லியே."

"பின்ன எதுக்கு வந்த? இருபத்து நாலு வருஷம் கழிச்சு ஒரு ஃபைனல், கடைசி ஆட்டம், அதுல பாதில எழுந்து வரியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

மெர்வ் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஹாரன் கேக்கல" என்றார்.

ரேலீன் வாயை மூடிக்கொண்டாள். அது எவ்வளவு அபூர்வம் என்பது பிக்கிளுக்கே தெரிந்து, குரைப்பதை நிறுத்திவிட்டது.

"தொப்பியத் தொட்டுட்டு நிக்கிறேன், ஒண்ணும் வரல" என்றார் மெர்வ். அவர் ஒரு மூச்சில் இவ்வளவு பேசியது கல்யாண நாளன்றுகூட இல்லை. "ரெண்டாவது கோலுக்கும் வரல. அப்புறம் ஒரு பந்து கம்பத்துல உரசுச்சா இல்லியான்னு பாக்காம உன் கார் நிக்கிற எடத்தப் பாத்துட்டு நின்னேன். நல்ல வேளை, அந்தப் பக்கம் இருந்த பையன் நேர்மையானவன், உரசுச்சுன்னு அவனே சொன்னான். இப்படி நிக்கிறது தப்பு ரேலீன். நார்ம்கிட்ட கோட்டக் குடுக்கலாம்னா அவனுக்கு அது பத்தல. வீட்டுக்குப் போய் உன்னோட ரேடியோ கேக்கலாம்னு கிளம்பிட்டேன்."

"நான் அங்க வந்துட்டிருந்தேன்யா, மடையா!"

"தெரியுது."

"வேலிக்கு வெளிய நின்னு ஹாரன் அடிக்கலாம்னு."

மெர்வ் அவளைப் பார்த்தார், டச்சஸைப் பார்த்தார், மஞ்சள் வயலைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரேலீனுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, கடைசியில் அவர் கோட்டின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். கோட்டு கொஞ்சம் நனைந்தது.

"ஸ்கோர் என்ன?" என்றார் மெர்வ். "என் வண்டில ரேடியோ இல்லியே."

"ஐயோ!" என்று அவள் காருக்கு ஓடினாள்.

கதவுகளைத் திறந்துவிட்டு, சத்தத்தைக் கூட்டி, முன் சீட்டில் நால்வரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். கடைசிப் பகுதி. இனி எங்கே ஓட்டினாலும் ஆட்டத்துக்குப் போய்ச் சேர முடியாது, வீட்டுக்கும் முடியாது. ஃபிளாஸ்க் டீ இன்னும் சூடாக இருந்தது. வெனிலா ஸ்லைஸ் ஒன்றுதான் இருந்தது. பிக்கிள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டது.

"குடுத்தியா?"

"கேட்டுச்சு" என்றார் மெர்வ்.

கராவூங்கா ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தது. ஒரு புள்ளி வந்தது, நான்கு ஆயிற்று. எதிரணி ஒன்று போட்டது, மறுபடி ஐந்து. வர்ணனையாளரின் தொண்டை கட்டிப்போயிருந்தது. நேரம் முடியப் போகிறது, பந்து உயரே போகிறது, யாரோ பிடிக்கிறார்கள், யார், கூப்பர்! கூப்பர் பிடித்துவிட்டான்! உயரத்தில் பிடித்தவனுக்குத் தடையில்லாத உதை உண்டு. கம்பத்துக்குச் சாய்வான கோணம். நடுவில் புகுந்தால் கோப்பை. ஓரத்தில் போனால் அடுத்த வருஷம்.

ரேலீன் மெர்வின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூப்பர் பின்னால் நடக்கிறான், ஓடி வருகிறான், உதைக்கிறான்...

"ப்ர்ர்ர்ரீ!" என்று டச்சஸ் ஊதியது.

"ஏய்! சும்மா இருடி!"

"ப்ர்ர்ர்ரீ! ப்ர்ர்ர்ரீ!"

அது கொண்டையை விரித்து, இறக்கையை அடித்து, அரையிறுதிக்கும் சேர்த்து ஊதியது. ரேடியோவில் மனிதர் ஏதோ சொன்னார். ஒரு எழுத்து கேட்கவில்லை. மெர்வ் வாழ்க்கையில் முதல் முறையாக அதைப் பார்த்துக் கத்தினார்: "டச்சஸ்!"

கிளி அதிர்ந்துபோய் வாயை மூடியது. ரேடியோவில் கூச்சல். சந்தோஷமா துக்கமா என்று பிரிக்க முடியாத கூச்சல். அதன் நடுவே வர்ணனையாளர், மூச்சு வாங்கிக்கொண்டு:

"...நார்ம் அசையாமல் நிற்கிறார். நார்ம், ஏதாவது செய்யுங்கள்! ஒரு துண்டை எடுக்கிறார்..."

"ஒண்ணா?" என்றாள் ரேலீன், அழப் போகிற குரலில்.

"...தோளில் கிடந்த இன்னொன்றையும் எடுக்கிறார்! இரண்டு துண்டு! நேயர்களே, இரண்டு துண்டு!"

ஆட்டம் முடிகிற சைரன் ஒலித்தது. ரேலீன் போட்ட கூச்சலில் தானியக் கிடங்கின் மேலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. பிக்கிள் குரைத்தது. டச்சஸ் கோபித்துக்கொண்டு சீட்டின் பின்னால் போய்த் திரும்பி உட்கார்ந்தது. ரேலீன் மெர்வைக் கட்டிக்கொள்ளத் திரும்பினாள். ஆளைக் காணோம்.

அவர் பிக்கப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். சீட்டிலிருந்து இரண்டு கொடிகளை எடுத்தார்.

"கொடி உன்கிட்டயா இருக்கு? அதான் அந்த மனுஷன் துண்டோட நிக்கிறாரா!"

"அவசரத்துல கையோட வந்துடுச்சு" என்றார் மெர்வ், வெட்கத்தோடு.

அவர் காருக்கு முன்னால் சாலையோரத்துக்கு நடந்து போனார். கோட்டின் பொத்தான்களைப் போட்டார். இரண்டு காலையும் சேர்த்து, வலிக்கிற இடுப்பை நேராக்கி, கம்பங்களுக்கு இடையில் நிற்பதுபோல் நின்றார். எதிரே ஒரு கோதுமை லாரி வந்துகொண்டிருந்தது. மெர்வ் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு கொடிகளையும் ஜோராக, மேலும் கீழும், மேலும் கீழும் ஆட்டினார். லாரிக்காரர் ஆச்சரியப்பட்டாரோ என்னவோ, பழக்கப்படி ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போனார்.

பிறகு மெர்வ் கொடிகளை இறக்கினார். காரின் பக்கம் திரும்பாமலே, தொப்பி விளிம்பை ஒரு விரலால் தொட்டார்.

ரேலீன் இரண்டு முறை ஹாரன் அடித்தாள்.